ஏலத்துக்குப் போன வெள்ளித்தட்டு

சேலையூரில் எங்கள் தெருவில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. "தட்டு டீச்சர்" என்றால் சின்னப் பிள்ளை கூட வீட்டைக் காட்டும். ஞானசௌந்தரி என்று அப்பா ஆசையாக வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. பூகோள டீச்சராக இருந்து ரிடையரானவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், ஒற்றை ஆள், இவளுக்கு எதற்கு பீரோ நிறைய இங்கிலீஷ் வெள்ளித்தட்டு? இது தெருவின் கேள்வி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானும் பதில் சொல்லப் போனதில்லை.

ஆரம்பித்து வைத்தவள் மிஸஸ் டாய்ல். எங்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தாள், தாம்பரம் ரயில்வே காலனியில் குடியிருந்தாள். ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகனிடம் போகிறேன் என்று வராந்தாவில் சாமான்களையெல்லாம் பரப்பி விற்றுக்கொண்டிருந்தபோது, நான் சும்மா போய்வரச் சொல்லத்தான் போனேன். உள்ளங்கை அகலத்தில் இலை மாதிரி ஒரு தட்டு கிடந்தது. அவள் அதைக் கவிழ்த்து, அடியில் வரிசையாகக் குத்தியிருந்த குட்டி முத்திரைகளைக் காட்டினாள். "சிங்கம் நடந்து போகுதா பாரு, ஞானம். சிங்கம் இருந்தா அசல் வெள்ளி. இல்லாட்டி முலாம்" என்றாள். அன்று பிடித்த சனியன்தான். அதற்குப் பிறகு காலனியிலோ பல்லாவரத்திலோ பரங்கிமலையிலோ எந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் பெட்டி கட்டினாலும் எனக்குச் சேதி வந்துவிடும். நான் போய் நிற்பேன்.

இந்தத் தட்டுகளைச் செய்த வெள்ளைக்காரர்கள் விசித்திரப் பிறவிகள். பெப்பர்மிண்டுக்கு ஒரு தட்டு, வெண்ணெய்க்கு சிப்பி மாதிரி ஒரு தட்டு, திராட்சைக்குக் கைப்பிடி வைத்து ஒரு தட்டு. ஒரு தட்டில் இரண்டு பண்டத்தை வைத்தால் குடி முழுகிவிடும் போலிருக்கிறது. ஆனால் ஒன்று. எல்லாமே விருந்தாளிக்கென்று செய்த தட்டுகள். தனக்காக ஒருத்தி எடுத்து வைத்துத் தின்கிற தட்டு அதில் ஒன்று கூட இல்லை. என் வீட்டுக்கு விருந்தாளி வந்தது எந்தக் காலம்! நான் எவர்சில்வர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டு முடித்துவிடுவேன். மேசையில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படும்.

வேலைக்கு வருகிற பேபிக்குத்தான் கோபம். வெள்ளி கறுக்காமல் இருக்க வாரா வாரம் தேய்க்க வேண்டும். விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்பார்கள். வேதக்கார வீட்டில் விபூதிக்கு எங்கே போவது? பழைய சாக்பீஸை இடித்துச் சலித்து வைத்திருப்பேன். அதைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே திட்டுவாள்.

"இன்னா டீச்சர் நீ, இத்தினி தட்டு வாங்கி அடுக்கிகினு கீற, ஒரு நாளாச்சும் ஒண்ணுல போட்டு துன்னிருக்கியா? தேச்சுத் தேச்சு என் கைதான் பேஜாராவுது."

"உனக்கு வாய் வலிக்காதா பேபி?" என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

ஏசுபாதம் சாரை எனக்கு வருஷக்கணக்காகத் தெரியும், ஆனால் தெரியாது. எங்கள் சர்ச்சில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். கஸ்டம்ஸில் கப்பலில் வருகிற சாமான்களுக்கு மதிப்புப் போடுகிற வேலையில் இருந்து ரிடையரானவர், மனைவியை இழந்தவர், சர்ச் பாட்டுகளைக் கட்டைக் குரலில் ஒரு அடி பின்தங்கியே பாடுகிறவர், இவ்வளவுதான் தெரியும். முதல்முதலாகப் பேசினது பல்லாவரத்தில், லண்டனுக்குப் போகிற ஒரு வீட்டில். நான் கூடத்தில் பார்த்துவிட்டுக் கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே இவர் வாஷ்பேசின் மேல் குனிந்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு சோப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர் சோப்பை ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சோப்பு உட்கார்ந்திருந்தது ஒரு தட்டில். கரிச்சட்டி மாதிரி கறுத்துப்போய், நீள்வட்டமாய், விளிம்பு முழுக்கத் திராட்சைக்கொடி துளைபோட்டு வெட்டின தட்டு. அவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அசல் வெள்ளி என்று எனக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டி, சோப்போடு சேர்த்துத் தட்டை எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் பிடுங்கிப் பழகின கை.

அவர் சிரித்துவிட்டார். "நீங்களே வெச்சுக்குங்க டீச்சர். ஆனா ஒண்ணு, அப்பப்ப வந்து பார்க்க விடணும்."

"பார்த்தா தேஞ்சா போயிடும்? வாங்க" என்றேன்.

மரியாதைக்குச் சொன்னேன். மனிதர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமே வந்து நின்றார். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தார்.

வாசல் கதவையும் இரண்டு ஜன்னலையும் அகலத் திறந்து வைப்பேன். தெரு நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு ஒரு பிரம்பு நாற்காலி, எனக்கு ஒன்று, நடுவில் முக்காலி, அதன் மேல் தட்டு. அவர் கண்ணாடியை வைத்து அடியில் உள்ள முத்திரைகளைப் படிப்பார். சிங்கம் வெள்ளிக்கு, நங்கூரம் பர்மிங்ஹாமுக்கு, ஓர் எழுத்து வருஷத்துக்கு.

"கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எதுக்கு சார்?"

"பூகோளம் உங்க டிபார்ட்மெண்ட். என்னைக் கேட்டா?"

இதையே எத்தனை ஞாயிறு கேட்டிருப்பேன், எத்தனை ஞாயிறு சிரித்திருப்பார்! ஒரு தடவை தைரியமாக அந்தத் தட்டிலேயே கேக் துண்டுகளை அடுக்கிக் கொண்டுவந்து வைத்தேன். "ஐயையோ, கத்தி பட்டா கீறல் விழும் டீச்சர்" என்று பதறினார். கேக்கை எடுத்துக் காகிதத்தில் வைத்து இரண்டு பேரும் தின்றோம். இரண்டு பைத்தியங்கள்.

வாரம் பூராவும் பேபியைத் தவிர யாரோடும் நான் பேசுவதில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை அவர் போன பிறகுதான் எனக்குத் தெரியும். தொண்டை வலிக்கும். அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, அவர் கண்ணாடியை எடுக்கவே இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தேவானந்தம் கூப்பிடறான் டீச்சர். பாளையங்கோட்டையில பெரிய வீடா பார்த்துட்டானாம். தனியா என்ன பண்றீங்க, வந்துடுங்கப்பாங்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அறுப்பின் பண்டிகை முடியட்டும், சொல்றேன்னிருக்கேன்." தட்டைக் கீழே வைத்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வகுப்பில் எத்தனை பேருக்கு உபதேசம் பண்ணியிருப்பேன்! "பையன் கூப்பிட்டா போகத்தானே வேணும்" என்றேன். குரல் கூட நடுங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதுக் கன்னி, கதவு ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கிறது, எதிர் வீட்டில் அரிசி புடைக்கிறார்கள், வேறு என்ன சொல்வது? அவர் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார்.

அன்றிரவு முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். விடிந்ததும் ஒரு யோசனை வந்தது. அது கெட்டிக்கார யோசனை என்றுதான் நான் நினைத்தேன்.

அறுப்பின் பண்டிகை என்றால் எங்கள் சர்ச்சுக்குத் திருவிழா. அவரவர் வீட்டில் விளைந்தது, செய்தது, வளர்த்தது எதையாவது காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தல் போட்டு எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். வாழைத்தார், சேவல், ஊறுகாய், கேக், எல்லாம் கடை விலையைப் போல நாலு மடங்குக்குப் போகும். விலையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. யார் கொண்டுவந்ததை யார் கேட்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. சண்டை போட்ட அண்ணன் தம்பிகள் ஒருவர் வீட்டுத் தேங்காயை இன்னொருவர் விடாமல் கேட்டு எடுத்தால் சமாதானம் என்று அர்த்தம். முன்பு ஒரு வருஷம் ஆர்கன் வாசிக்கிற பையன், பாட்டுக்குழுவில் பாடுகிற செல்வமேரி போட்ட எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைக் குறுக்கே விழுந்து ஏலம் எடுத்தான். சர்ச்சே கை தட்டியது. அந்த வருஷமே இரண்டு பேருக்கும் கல்யாணம் என்று சர்ச்சில் ஓலை வாசித்தார்கள். பாவம், அவனுக்கு ஊறுகாயே ஆகாது.

அதுதான் என் யோசனை. அந்தத் திராட்சைக்கொடித் தட்டைக் காணிக்கையாக வைப்பேன். ஏசுபாதம் சார் அதை விடமாட்டார். அவர் ஏலம் கேட்டால் சர்ச் முழுவதும் திரும்பிப் பார்க்கும், கேலி பண்ணும். நாங்கள் இரண்டு பேரும் சொல்ல முடியாததைக் கேலி பண்ணியே ஊர் சொல்லிவிடும். தட்டு அவர் வீட்டுக்குப் போகும், அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். பாளையங்கோட்டை தேவானந்தம் பெரிய வீட்டை வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கட்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் நான் கொண்டுபோனது என் வீட்டுக் கொல்லையில் காய்க்கிற பூசணிக்காய். முதல் வருஷம் அதை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் குடும்பம் குடும்பமாக ஒருவர் பொருளை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள், ஒற்றை ஆளின் பூசணிக்காயை யார் கேட்பது? அவமானம் தாங்காமல் நானே விலை சொல்லி நானே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படியே. என் காணிக்கையை நானேதான் மீட்பேன் என்பது வழக்கமாகிவிட்டது. அதில் யாரும் குறுக்கிடுவதில்லை, குறுக்கிட்டால் மரியாதைக் குறைவு. இது சர்ச்சில் உள்ள தூணுக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் அன்று மறந்துபோனது.

பண்டிகையன்று தட்டை நானே தேய்த்து, பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். ஏலம் விடுகிறவர் லாசரஸ். பாங்கு உத்தியோகம், ஆனால் வாய் கொத்தவால்சாவடி வாய். என் தட்டைத் தூக்கிக் காட்டினார். வெயிலில் பளிச்சென்று இருந்தது.

"நம்ம டீச்சர் தட்டு! இந்த வருஷம் பூசணிக்காய் வெள்ளியா காய்ச்சிருக்கு. டீச்சர், ஆரம்பிங்க, எவ்வளவு?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் விலை சொல்லாமல் ஆண்கள் பக்கம் பார்த்தேன். ஏசுபாதம் சார் ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் இருந்தார். தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

"டீச்சர் யோசிக்கிறாங்க. வேற யாராச்சும்?"

முன்வரிசையில் அப்பாதுரை இருந்தார். பெருங்களத்தூரில் அடுக்குமாடி கட்டி விற்கிறவர், ஏலத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கிறவர். பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல் ஒரு தொகையைச் சொன்னார்.

"ஒரு தரம்!"

ஏசுபாதம் சார் என் பக்கம் திரும்பினார். நான் செருப்பைப் பார்த்தேன். இந்த வயதில் வெட்கம் வேறு.

"ரெண்டு தரம்! டீச்சர், போகுது!"

இப்போது அவர் நாற்காலியிலேயே முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. என்னிடம் அனுமதி கேட்கிறாராக்கும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என்ன மனிதர் இவர்! வாயைத் திறந்து ஒரு தொகையைச் சொன்னால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்? நான் முகத்தை வெடுக்கென்று திருப்பி, கோழிகளைக் கட்டிப்போட்டிருந்த பக்கம் பார்த்தேன்.

"மூணு தரம்! அப்பாதுரை அண்ணனுக்கு!"

அப்பாதுரை வீட்டுக் காரில் பலாப்பழத்துக்கும் சேவலுக்கும் நடுவில் தட்டு போனது. ஏசுபாதம் சார் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. நான் இருந்தேன். பிரியாணி நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு கதவைத் திறந்து வைத்தேன். வரவில்லை. சின்னக் கோபமாக இருக்கும் என்று எனக்கும் கோபம். அதற்கு அடுத்த ஞாயிறும் திறந்து வைத்தேன். கோபிக்க வேண்டியது நான். கேட்காமல் உட்கார்ந்திருந்தது அவர். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

இதற்கு நடுவில் அப்பாதுரை மனைவி சர்ச் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், உங்க கை ராசி! அந்த வெள்ளியைத் தாம்பரம் மார்க்கெட்டுல எடைக்குப் போட்டு, பேத்திக்குக் கொலுசு எடுத்தோம். ஓட்டை ஓட்டையா இருந்ததால எடைதான் கொஞ்சம் கம்மி. ஆனா நல்ல வெள்ளின்னான்." சந்தோஷத்தோடு சொன்னாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் குழந்தை சர்ச்சுக்குள் ஓடுகிறபோது சத்தம் கேட்கும். நான் பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடுவேன்.

அந்த வாரம்தான் போதகர் அறிவிப்பு வாசித்தார். சகோதரர் ஏசுபாதம் தம்முடைய மகன் வீட்டுக்குச் செல்கிறார், புதன்கிழமை சாயந்திரம் தாம்பரம் ஸ்டேஷனில் வழியனுப்பு ஜெபம், விருப்பமுள்ளவர்கள் வரலாம். விருப்பமுள்ளவர்கள்! போகக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு போனேன்.

பிளாட்பாரத்தில் எங்கள் ஆட்கள் பிரிவுப் பாட்டுப் பாடினார்கள். திருநெல்வேலி வண்டி வந்து நின்றது. தாம்பரத்தில் அது நிற்பதே கொஞ்ச நேரம், அதில் பாதியைப் போதகரின் ஜெபம் எடுத்துக்கொண்டது. மகனும் மருமகளும் பெட்டிகளை ஏற்றினார்கள். அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள், பொட்டலம் கொடுத்தார்கள். நான் கையை வீசிக்கொண்டு கடைசியில் போய் நின்றேன்.

"உடம்பைப் பார்த்துக்குங்க சார்" என்றேன்.

"டீச்சர்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் வர்றது பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாமே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வந்து பார்க்க விடணும்னு கேட்டுத்தானே அந்தத் தட்டை உங்ககிட்ட விட்டேன். அதைக் கொண்டுபோய் ஏலத்துல வெச்சீங்க. சரி, எப்பவும் போல நீங்களே மீட்டுப்பீங்கன்னு பார்த்தேன், குறுக்க விழக்கூடாதேன்னு பேசாம இருந்தேன். நீங்க மீட்கலை. முகத்தையும் திருப்பிக்கிட்டீங்க. அதுக்கு வேற என்ன அர்த்தம் டீச்சர்? அன்னிக்குச் சாயந்திரமே தேவாவுக்கு வரேன்னு போன் பண்ணிட்டேன். அதுவரைக்கும் பண்ணலை."

விசில் ஊதியது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நகர்ந்தது.

நான் கூடவே நடந்தேன். பிறகு வேகமாக நடந்தேன். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர். அந்தக் குரலில்தான் சொன்னேன். "நீங்க கேப்பீங்கன்னுதான் சார் வெச்சேன்! உங்களைப் போக விடக்கூடாதுன்னுதான் வெச்சேன்!"

பின்னால் பாட்டு நின்றுபோனது. எங்கள் சர்ச் ஆட்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் சட்டென்று எழுந்து நின்றார். மருமகள் "மாமா, ஆடுது, உக்காருங்க" என்று தோளைப் பிடித்து அமர்த்தினாள். உட்கார்ந்தவர் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

அவருக்குக் கேட்டுவிட்டது. கேட்காமல் இருந்திருந்தால் அவராவது நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பார்.